வழுக்கையில் பிறந்த மெட்டு

"என்னம்மா இது, என் தலை ஏன் இந்தக் கத்து கத்துது?" என்று பதறியடித்து ஓடி வந்தார் மெட்டுக்காரியின் வீட்டுக்காரர்.

மெட்டுக்காரி ஸ்பீக்கரைச் சட்டென்று அணைத்தாள். முடி வளர்க்கும் தைலத்துக்கான விளம்பர மெட்டு நாலு மணிக்குள் கம்பெனிக்குப் போயாக வேண்டும்.

அவளுடைய மென்பொருள் ஒரு தினுசானது. படத்தைக் கொடுத்தால் இசையாக்கித் தரும். படத்தில் வெளிச்சமான இடம் கத்தும், கறுப்பான இடம் வாயை மூடிக்கொள்ளும். தலைக்கு மெட்டு வேண்டுமென்றால் தலையைத்தானே போட வேண்டும் என்று கணவரின் புகைப்படத்தைப் போட்டிருந்தாள், பாவம்.

"உங்க மண்டை மின்னுது, அதான் அலறுது."

"பவுடர் போட்டுக்கறேன். வேற போட்டோ எடு."

எடுத்தாள். தலை வெள்ளை வெளேரென்று ஆனதில், அடுத்த வீட்டுக் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, திங்கக்கிழமையே நான் பழைய டைப்பிங் வேலைக்குப் போகணும்!" மெட்டுக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. "இருங்க, முடி வரைஞ்சு பாக்கறேன்."

ஒவ்வொரு முடியாக வரைய வரைய, அலறல் அடங்கி முணுமுணுப்பாகி, குளுகுளுவென்று ஒரு மெட்டு இறங்கியது. அடடா!

வீட்டுக்காரர் திரையை விட்டு நகரவில்லை. "அட, நானா இது! கொஞ்சம் கிருதா வைம்மா. மீசை? அப்படியே தாடி..."

தாடி வந்ததும் மெட்டு கப்சிப்.

"ஐயோ மனுஷா, என் மெட்டை முழுங்கிட்டீங்களே!"

தாடியை அழித்தாள், மீசையை அழித்தாள், கிருதாவை அழித்தாள். மெட்டு திரும்பியபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. படம், மெட்டு எல்லாவற்றுக்கும் 'தலை' என்றே பெயர் வைத்துச் சேமித்திருந்தாள். கைக்கு வந்த 'தலை'யைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. கம்பெனி அலுவலகத்துப் பெண்.

"மேடம், முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு! தலைகால் புரியாம குதிக்கிறாரு. வருஷம் பூரா நீங்கதான்னு சொல்லிட்டாரு!"

மெட்டுக்காரி நாற்காலி மேல் ஏறி நின்று கூவினாள். கீழே வீட்டுக்காரர் ஆடினார். மூச்சு வாங்க, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்: "மெட்டுல எந்த இடம் பிடிச்சுதாம்?"

"மெட்டா? அது இன்னும் வரலையே மேடம். தைலம் தேய்ச்ச அப்புறம் எடுத்த சாரோட போட்டோதான் வந்துச்சு. தேய்க்கறதுக்கு முன்னாடி எடுத்தது இருந்தா, அதையும் உடனே அனுப்பச் சொல்றாரு!"