சூடானால் அணையும் டிவி

என் வீட்டு டிவியை நானே கெடுப்பது என்று முடிவு செய்தேன்.

இந்தக் காரியத்தைச் செய்ய ஆசைப்படாத கணவன் இருக்க மாட்டான். ஆனால் மற்றவர்களுக்குக் கல்லைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி தெரியாது. நான் டிவி மெக்கானிக். தெருப்பக்க அறை என் கடை. அதற்குப் பின்னால் கூடம். இருண்டுபோன எத்தனையோ வீட்டுத் திரைகளுக்கு வெளிச்சம் கொடுத்த கை இது. அந்தக் கையாலேயே சொந்தத் திரையை இருட்டடிக்க வேண்டுமென்றால் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்?

நொந்துதான் இருந்தது. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்று தெரு நினைக்கிறது. உண்மையில் நான், அவள், அவளுடைய தொடர்கள். சாயங்காலம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பகலெல்லாம் சேர்த்துவைத்த செய்திகளோடு கூடத்துக்குள் நுழைவேன். ரிமோட்டில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, டிவி செத்துவிட்டது என்று கண்கலங்கிய ஆள். ஸ்பீக்கருக்குள் குடும்பம் நடத்திய பல்லி. வாயைத் திறந்தால் அவள் கை மேலே எழும். போக்குவரத்துக் காவலர் தோற்றார். அந்தக் கை இறங்கும்போது எனக்குக் கொட்டாவி வந்திருக்கும். திரையில் வரும் மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். என்னுடையது எவ்வளவு என்று டாக்டருக்கே தெரியாது.

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் பேச்சு, மழை விட்ட பிறகும் கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் போலச் சொட்டிக்கொண்டே இருக்கும். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவை நிற்கும்போது சத்தம் கேட்பதில்லை.

என் திட்டத்துக்குக் கைகொடுத்தது ஈயமில்லாத ஈயம். பெயரே அப்படி இருந்தால் நான் என்ன செய்ய? போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் கம்பியில் முன்பெல்லாம் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கும். காரீயம் விரலில் ஒட்டி வாய்க்குள் போனால் உடம்புக்கு ஆகாது. அது கலக்காத கம்பி வந்ததும் நானும் மாறினேன். கடை வாசலில் பெரிதாக எழுதியும் வைத்தேன். பழைய ஈயம் பணிவானது. தொட்டால் உருகும், ஓடும், ஆறினால் கண்ணாடிபோல் மின்னும். புதியது வீம்பு பிடித்தது. கூடுதல் சூடு கேட்கும், கூடுதல் பொறுமை கேட்கும். அத்தனையும் கொடுத்த பிறகும் முகம் மங்கலாகவே இருக்கும். முன்பு மங்கல் என்றாலே கெட்ட பற்று என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவான். இப்போது நல்லதும் மங்கல், கெட்டதும் மங்கல். குற்றம் செய்ய நினைக்கிறவனுக்கு இதைவிட நல்ல இருட்டு எங்கே கிடைக்கும்?

அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் டிவியின் முதுகைத் திறந்தேன். மின்சாரம் நுழைகிற போர்டில் ஒரு பாகத்தின் ஒரே ஒரு கம்பிக்காலைத் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்த ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, அரைச் சூட்டில் ஒரு புதுச் சொட்டு வைத்தேன். வெளியே பார்த்தால் பற்று, உள்ளே வெறும் ஒட்டு. குளிர்ந்திருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், சூடேறினால் கைவிடும். எங்கள் தொழிலில் இதற்கு டிரை சால்டர் என்று பெயர். ஆயுள் முழுக்க அடுத்தவர் வீடுகளில் தேடித் தேடி ஒழித்த எதிரியை முதல் முறையாக என் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்தேன்.

அன்று சாயங்காலம், கதாநாயகி வாசல் கதவைத் திறந்து, தட்டியது யார் என்று பார்க்கப்போன நொடியில் டிவி அணைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டரின் முகத்தை நான் வைத்துக்கொண்டேன்.

"என்னங்க ஆச்சு?"

"எல்லாம் இந்தப் புது ஈயம் பண்ற வேலை. சூடானா விட்டுடும். ஆறினா வந்துடும்."

"ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

"ராத்திரி பூரா ஆகும்."

அவள் ஒருமுறை டிவியைப் பார்த்தாள், ஒருமுறை என் கையைப் பார்த்தாள். பிறகு, "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். எனக்கு அது அனுதாபமாகத்தான் பட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். காற்று வந்தது. பல்லியின் கதையைச் சொன்னேன். குட்டிகள் பிழைத்தனவா என்று கேட்டாள். எங்கள் சின்ன மகள் போனில் என் இருமலை அப்படியே நடித்துக் காட்டுகிறாள் என்றாள். அதை அவளும் நடித்துக் காட்டினாள். சிரித்தபோது அவள் கன்னத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பை நான் முன்பு பார்த்ததில்லை. ஊசிமுனை விரிசலையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவன், இதைத் தவறவிட்டிருக்கிறேன்.

மறுநாளும் டிவி அணைந்தது, படி நிறைந்தது. அதற்கடுத்த நாள் அவள் கூடத்திலிருந்த ஒரே மேஜைவிசிறியை என் பக்கமிருந்து எடுத்து டிவியின் முதுகுக்குத் திருப்பிவைத்தாள். சூடானால்தானே விடும்? தொடர் முழுக்க ஓடியது. கதாநாயகி குளுகுளுவென்று இருந்தாள். நான் வேர்த்து வடிந்தேன். விசிறிக் காற்றில் தூசி போனால் போர்டே பாழாகிவிடும் என்று நான் சொன்னதும், விசிறியை எடுத்துவிட்டாள். டிவி மறுபடியும் ஒழுங்காக அணைய ஆரம்பித்தது. வாழ்க்கை இனித்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு டீச்சர் தன் டிவியைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கடைக்குத் தூக்கி வந்தார். என்ன பழுது என்று கேட்டேன். பழுதே இல்லை, அருமையாக ஓடுகிறது என்றார். பிறகு எதற்கு இங்கே? நான் வைத்த புது ஈயத்தை எடுத்துவிட்டுப் பழைய ஈயம் வைக்கச் சொல்லி. சூடானால் விட்டுவிடுமாமே, மெக்கானிக் வீட்டிலேயே நிற்கவில்லையாமே.

டீச்சருக்குப் பின்னால் தையல்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் மாடிவீட்டு வக்கீல். எல்லார் கையிலும் நன்றாக ஓடுகிற டிவி. வாழ்நாளில் நான் செய்த அத்தனை நல்ல வேலையும் வரிசையில் நின்று என்னை முறைத்தது. தெருமுனையில் போட்டிக் கடைக்காரர் அதற்குள் ஒரு பலகை மாட்டியிருந்தார்: "இங்கே நம்பிக்கையான பழைய ஈயம் மட்டுமே." இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் நான் ஷட்டரை இறக்க வேண்டியிருக்காது. ஏற்றவே வேண்டியிருக்காது.

உள்ளே ஓடினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஊரெல்லாம் என்ன சொல்லி வச்சிருக்கே?"

"நீங்க சொன்னதைத்தான். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

"அந்த ஈயத்துமேல ஒரு தப்பும் கிடையாது."

"அப்படியா? அப்ப தப்பு யார் கைமேல?"

வாயைத் திறந்தேன். ஈயம் கெட்டது என்றால் கடை போகும். கை கெட்டது என்றால் பேர் போகும். வேண்டுமென்றே செய்தேன் என்றால் மானம் போகும். வாயை மூடினேன்.

வழியையும் அவளே சொன்னாள். எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட வேண்டும். அவர்கள் கண்முன்னே நம் டிவியைத் திறந்து, அதே புது ஈயத்தால் பற்றவைத்து, சாயங்காலம் முழுக்க ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றவில்லை. என் சாயங்காலங்களை என் கையாலேயே அடைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதில் குறை.

அடைத்தேன். அப்படி ஒரு பற்றை நான் வைத்ததே இல்லை. பற்றவைக்கும் அயர்னின் சூட்டைக் கூட்டினேன். ஈயம் படர்வதற்கான பேஸ்ட் தடவினேன். முதலில் காலையும் போர்டின் செம்புத் தகட்டையும் சேர்த்துச் சூடாக்கினேன், பிறகுதான் கம்பியை நீட்டினேன். ஈயம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சட்டென்று மனம் மாறி, காலைச் சுற்றிப் படர்ந்து ஏறியது. ஆறும்வரை போர்டை யாரையும் தொடவிடவில்லை. மங்கலாக இருக்கிறதே என்றார் தையல்காரர். அது அதன் நிறம், குணம் இல்லை என்றேன். டீச்சர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

டிவி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒருநாள் சாட்சியம் செல்லாது, ஒரு மாதமாவது பார்க்க வேண்டும் என்றார் வக்கீல். என் வீட்டுக்காரி உடனே ஒத்துக்கொண்டாள். தையல்காரரும் வக்கீலும் தங்கள் டிவிகளைத் திருப்பி எடுத்துப் போனார்கள். டீச்சர் மட்டும், சோதனை முடியும்வரை தன்னுடையது கடை மேஜையிலேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாளிலிருந்து கூடம் கொட்டகையானது. என் நாற்காலியில் வக்கீல். விசிறிக்கு எதிரே தையல்காரரின் மாமியார். எனக்கு நிற்கவும் இடமில்லை. கடை அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்தேன். பேர் பிழைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு யாரோடு பேசுவது?

கதவு திறந்தது. அவள் வந்தாள். தொடர் பாதியில் ஓடிக்கொண்டிருக்க, அதை விட்டுவிட்டு எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். என் மனத்துக்குள் யாரோ ஸ்விட்சைப் போட்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "நம்ம டிவி வாங்கினதிலேருந்து ரிப்பேரே ஆனதில்ல. உங்க ஈயம் அதுக்குள்ள எப்படிங்க போச்சு?"

மேஜையிலிருந்த திருப்புளியை எடுத்து, துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன்.

"முதல் நாளே தெரியுமா?"

"பின்ன?"

"அப்புறம் ஏன் பேசாம இருந்தே?"

"பேசத்தானே செஞ்சேன், படியில உட்கார்ந்து. நல்லாத்தான் இருந்துச்சு. நாலாம் நாள் சொன்னதையே திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சீங்க. அதான் டீச்சர் காதுல போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கூடத்து இரைச்சலையும் மீறி இரண்டு பேரும் சிரித்தோம். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, புதிதாகச் சொல்ல ஒரு கதை இருக்கிறது என்றேன். சொல்லலாமே, தொடர் முடியட்டும் என்றாள். அங்கே இத்தனை பேர் பேசுவதில் ஒரு வசனமும் காதில் விழவில்லையாம். சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த டீச்சரின் டிவியைத் தன் பக்கம் திருப்பி, ஸ்விட்சைப் போட்டாள்.

போன மாதம் நான் பற்றவைத்த போர்டு. கடைசிவரை ஒரு தடவைகூட அணையவில்லை.