மக்காச்சோளக் காட்டுப் புலி

கலைச்செல்வனின் மக்காச்சோளக் காட்டில் அன்று காலையும் கதிர்களைக் காணோம். தட்டை அப்படியே நிற்கிறது, கதிர் மட்டும் இல்லை.

"கொரங்குதான்பா," என்றார் பக்கத்துக் காட்டுக்காரர் ஆண்டவர், வரப்பில் நின்று பல் குத்திக்கொண்டே. "நீ எந்திரிக்கிறதுக்குள்ள வந்து ஒடிச்சிட்டுப் போயிருது."

அந்தக் குரங்கை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஆண்டவர் ஊருக்குப் பெரிய மனுஷன். அவர் சொன்னால் குரங்கு இருந்துதான் ஆகவேண்டும்.

கழுதைக்குப் புலித்தோல் போர்த்திய கதை கலைச்செல்வனுக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம். அந்தக் கழுதை வாயைத் திறந்து மாட்டிக்கொண்டது. இவன் வீட்டு நாயோ சோற்றுக்குத் தவிர வாயே திறக்காது. தலைக்கு அடிக்கும் சாயத்தை வாங்கிவந்து, அந்தச் செவலை நாயின் உடம்பெல்லாம் பட்டை பட்டையாகத் தீட்டி, ராத்திரியில் காட்டில் அவிழ்த்துவிட்டான்.

"ஒங்க தலைக்கு அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு எடுப்பா இருந்திருக்காது," என்றாள் மனைவி மேகலா.

அதன்பிறகு ஒரு கதிர் குறையவில்லை. கலைச்செல்வனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அறுவடை அன்று கதிர் ஒடிக்க ஒரு ஆளும் வரவில்லை. ஆட்களைக் கூட்டிவரும் பொன்னாயிக்குப் போன் போட்டான்.

"ஒங்க காட்டுல புலி திரியுதாமே, வாட்ஸ்அப்புல படமே வந்திருச்சு. கூலிக்கு வந்து உசுர வுட முடியுமாங்க?"

"அது எங்க நாயிதான்க்கா."

"புலிய மறைக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் கதிர் பூசணம் பிடிக்கும், அந்த வருஷத்துப் பிழைப்பே போய்விடும். பதறிப்போய் நாயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தான். சாயம் போகவில்லை. முடியை மழித்தான். பட்டை தோலிலும் ஏறியிருந்தது. 'கிழட்டுப் புலி, ஆள் அடித்துப் பழகியது' என்று வாட்ஸ்அப்பில் புதுப்படம் போனது. காட்டுக்கு வர மறுத்தவர்கள் இப்போது அவன் தெருவுக்கே வர மறுத்தார்கள்.

வேறு வழியில்லை. நாயைக் கயிற்றில் கட்டிக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போனான். சனம் சிதறி ஓடியது. ஆண்டவர் டீக்கடை பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டார். நாய் கயிற்றை உருவிக்கொண்டு நேராக அவரிடமே பாய்ந்தது. பாய்ந்து, வாலைக் குழைத்துக்கொண்டு அவர் காலை நக்கியது.

ஓடியவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள்.

"நாயிதான்," என்றாள் பொன்னாயி. "இருங்க, இப்பவே ஆளக் கூட்டியாறேன்."

கலைச்செல்வனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

வெங்காயம் வாங்கிக்கொண்டு நின்ற ஆண்டவரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கீழ எறங்குங்க. இந்த நாயிக்குப் பயந்துக்கிட்டா இத்தன நாளா ராத்திரியில சாக்கத் தூக்கிக்கிட்டு அவுங்க காட்டுப் பக்கம் போவாம வூட்டுலயே கெடந்தீங்க?"