எண்ணெய்க் கிணற்று ஷரத்தும் தாய்மாமாவின் கணுக்காலும்

புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டவனைக் கொஞ்ச காலத்துக்கு எந்த விசேஷத்துக்கும் கூப்பிடக் கூடாது. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலை எனக்கு, எலெக்ட்ரானிக் சிட்டியில். (கடலை அதுவரை முழங்கால் ஆழத்துக்குத்தான் பார்த்திருந்தேன்.) அதில் ஒரு ஷரத்து என்னை மயக்கிவிட்டது. விபத்து நடந்தால் யார் தப்பு என்றே கேட்கக் கூடாது. உன் ஆளுக்கு அடிபட்டால் நீ பார்த்துக்கொள், என் ஆளுக்கு அடிபட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். கோர்ட்டுக்கு அலையாமல் வேலை நடக்கும். நானே எழுதியதுபோல் பெருமைப்பட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஈஜிபுராவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தங்கை மாலதிக்கு நிச்சயதார்த்தம். எங்கள் பக்கத்து ஆள் பாயசத்தைச் சிந்த, மாப்பிள்ளையின் தாய்மாமா அதில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. சிந்தியது யார் என்று அவர்களும், பார்த்து நடந்தால் என்ன என்று எங்கள் சித்தப்பாவும் ஆரம்பிக்க, தாம்பூலத் தட்டு மாற்றாமலே நின்றது. மாலதியின் முகம் வெளுத்துவிட்டது.

சண்டையைத் தீர்க்க நான் எழுந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) தப்பு யாருடையது என்ற பேச்சே வேண்டாம், மாமா உங்கள் ஆள், அவர் கால் உங்கள் பொறுப்பு, நாளைக்கு எங்கள் ஆள் விழுந்தால் உங்களைக் கேட்க மாட்டோம் என்று விளக்கினேன். நடுக்கடலில் அப்படித்தான் என்று உதாரணமும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, கொண்டுவந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போது மாலதி கேட்டாள்: "அண்ணா, கல்யாணத்துக்கு அப்புறம் நான் விழுந்தா, நான் யாரோட ஆளு?"

இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான ஓர் ஆளை எந்த ஒப்பந்தத்திலும் நான் படித்ததில்லை. அப்பா போய், ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி மாமாவின் காலில் வைத்து, மன்னிக்கணும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என் ஷரத்தில் இடமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த அம்மா உட்கார்ந்தார். தட்டு மாறியது.

பின்னாளில் மாலதிக்குப் பிரசவம் சிக்கலாகி ஆபரேஷன் என்றபோது, ரத்தம் கொடுக்க இரண்டு வீட்டாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முண்டியடித்தார்கள். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டே என்னிடம், "தம்பி, இவ யாரோட ஆளுன்னு உங்க கடல்ல சொல்றாங்க?" என்றார். அழுதுகொண்டிருந்த எங்கள் அம்மாவே சிரித்துவிட்டாள்.

இன்றைக்கும் மாலதிக்குச் சளி என்றால்கூட, இரண்டு வீட்டிலிருந்தும் போன் செய்து அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. மிளகு ரசத்தோடு கிளம்பிவிடுகிறார்கள்.