இரண்டு நெளிவும் ஒரு டைரியும்

1968 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். தொழிலாளர் கூடும் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குத் தோட்ட ஆபீஸில், ஆள்வரவு எழுதும் செக்ரோலைத் திறந்தேன். மழை இல்லை. இவ்வளவும் டைரியில் இருக்கிறது. பத்தரை மணிக்கு நான் அவமானப்பட்டதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது; கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்.

அப்போது இலங்கையில், நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கர். முந்தின வருடம் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஹமீது நானா பதுளையிலிருந்து படிவத்தோடு வந்தார். அதில் ‘எக்ஸஸ்’ என்று ஒரு கட்டம். விபத்து நடந்தால், செலவில் முதலில் எவ்வளவை நாமே ஏற்கிறோம் என்று அங்கே எழுத வேண்டும். அதைக் கூட்டினால் வருடக் கட்டணம் குறையும்.

“அம்பது போடுங்க தம்பி. மலை ரோட்டுல சின்னச் சின்னதாத்தான் அடிபடும்.”

“அது இடிக்கிறவங்களுக்கு நானா. எனக்கு இருநூறு போடுங்க.”

“இருநூறுக்குள்ள அடிபட்டா கொம்பனி ஒரு சதமும் தராது. வெளங்குதா?”

“வெளங்குது.”

(விளங்கவில்லை. கட்டணம் குறைந்தது மட்டும்தான் விளங்கியது.) மிச்சப் பணத்தில் என் மனைவி கமலாவுக்கு ஒரு சேலை வாங்கினேன். “என் நிதானத்துக்குக் கெடைச்ச பரிசு” என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஜனவரியில் தேயிலை ஸ்டோர் கேட்டில் முன் மட்கார்டை இடித்தேன். நெளிவு சுவர்ப் பக்கம் இருக்கும்படி ஒரு மாதம் காரை நிறுத்தி வந்தேன். பிப்ரவரியில் ஹாலிஎலச் சரிவில் அடுத்தது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பது எங்கள் வழக்கம். நான் ஒழுங்கானவன் அல்லவா? என் கல்லுக்கு வெள்ளையடித்து டிக்கியில் வைத்திருந்தேன். அன்று தரை ஈரம். கல் அழுக்காகிவிடுமே என்று வெளியே எடுக்கவில்லை. கார் தானாகப் பின்னால் உருண்டு மதகுச் சுவரில் மோதியது.

முன்பக்கத்துக்கு நூற்றுத் தொண்ணூறு, பின்பக்கத்துக்கு நூற்றெண்பது என்றது கராஜ். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். தனித்தனியாக ஒன்றுமே கிடைக்காது. ஒரே விபத்தாக்கினால் நூற்றெழுபது கிடைக்கும். ஆகவே, பின்னால் மோதிய அதிர்ச்சியில் கார் முன்னால் பாய்ந்து மரத்திலும் மோதியதாகப் படிவத்தில் எழுதினேன்.

மார்ச் 12 அன்று பத்தரை மணிக்கு நானாவும் கொம்பனிப் பரிசோதகரும் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். பரிசோதகர் படிவத்தை இரண்டு முறை வாசித்தார்.

“மேட்டுப் பக்கமா பாஞ்சிச்சா?”

“ஆமாங்க. நல்ல எஞ்சின்.”

“எஞ்சினை நிப்பாட்டித்தானே இறங்கினீங்க?”

தேத்தண்ணி கொண்டுவந்த கமலாவுக்குப் பொறுக்கவில்லை. “இவரு பொய்யே சொல்ல மாட்டாருங்க. எல்லாத்தையும் தேதி, நேரத்தோட எழுதி வைப்பாரு. இருங்க, காட்டுறேன்!” என்று உள்ளே ஓடினாள். நான் எழுவதற்குள் டைரி பரிசோதகர் கையில்.

அவர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டி, சத்தமாக வாசித்தார்: “ஜனவரி 19. காலை 7.25. ஸ்டோர் கேட்டில் முன் மட்கார்ட் இடித்தது. யாரும் பார்க்கவில்லை.”

நானாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

“ரெண்டும் தனித்தனிக் கேஸ் தம்பி,” என்றார் இருமல் அடங்கியதும். “ஒவ்வொண்ணுக்கும் மொத இருநூறு உங்கட. அம்பது போட்டிருந்தா நூறோட தப்பியிருப்பீங்க.”

பரிசோதகர் படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “இதை நான் பாக்கல்ல. ஆனா டைரி ரொம்ப நல்லா எழுதுறீங்க.”

சாயங்காலம் கமலா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, “ஏங்க, நிதானத்துக்குக் கெடைச்ச பரிசு எப்படி இருக்கு?” என்றாள். இன்றும் எங்கள் வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால், பிள்ளைகள் கோரஸாகச் சொல்வது: “யாரும் பார்க்கவில்லை!”

மார்ச் 13 காலை முதல் வேலையாக, டைரி வைக்கும் மேசை லாச்சிக்கு ஒரு பூட்டுப் போட்டேன். போட்ட நேரத்தை டைரியில் எழுதினேன். சாவி எங்கே இருக்கிறது என்பதையும்.