துணைக்கு வந்த புகார்கள்

புகார் சரியாகத்தான் வந்து விழுந்தது. விழுந்த இடம்தான் தப்பு.

'பத்ரகாளியம்மன் துணை ஆபீஸ்' குரூப்பில் வரவேண்டியது, 'பத்ரகாளியம்மன் துணை ஏஜெண்டுகள்' குரூப்பில் வந்திருந்தது. பட்டாசு முதலாளி சின்னச்சாமி எந்த வாட்ஸப் குரூப்புக்கும் அம்மன் பெயரைத்தான் முன்னால் போடுவார், அம்மன் படத்தைத்தான் வைப்பார். போனில் பெயரின் வால் தெரியாது.

வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களைப் பதிந்துவைக்கும் சாப்ட்வேரை வாங்கவைத்தவன் பாண்டிச்செல்வம். அதை ஒருவரும் திறந்து பார்க்காததால், புகார் வந்ததும் குரூப்பில் தானாக விழும்படி இணைப்புக் கொடுத்தான். இதுவும் சொதப்பினால், ஏழாயிரம்பண்ணை யூனிட்டுக்கு வேனில் ஆள் ஏற்றும் பழைய வேலைக்கே போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். போன சீசனில் பாதி ஏஜெண்டுகள் எதிரே இருக்கும் போட்டிக் கம்பெனிக்குத் தாவிய கடுப்பு அவருக்கு.

மிச்சப் பாதி இப்போது படித்துக்கொண்டிருந்தது: “சங்குசக்கரம் நிற்கவே மாட்டேன் என்கிறது. பார்த்து நின்றே கால் வலிக்கிறது.”

இணைப்பைப் பிடுங்கி மறுபடி கொடுத்தான். பதற்றத்தில் மேலே இருந்த அம்மனைத் தொட்டான். கடைசியாகச் செய்தி வந்த குரூப்தானே மேலே நிற்கும்? அதுவும் ஏஜெண்டுகள் குரூப்தான். புது இடம் என்று நினைத்த சாப்ட்வேர், பழைய புகார்களையும் ஆதியிலிருந்து கொட்டியது.

கொட்டுவதைக் குறைக்க, 'கடுமையானவை மட்டும்' என்று மாற்றினான். இருப்பதிலேயே கடுமையானது வந்தது: “பூச்சட்டி மாடி உயரம் போகிறது. கொடியில் காய்ந்த வேட்டி போச்சு.”

“செல்வண்ணே, முதலாளி கூப்பிடுதாக” என்றாள் டெலிபோன் கற்பகவல்லி.

வேனை நினைத்துக்கொண்டே உள்ளே போனான். முதலாளியின் இரண்டு காதிலும் போன்.

“வேட்டிய எரிச்ச பூச்சட்டிதானே? அனுப்புதேன். தள்ளுபடி மட்டும் கேக்காதீக.”

போனை வைத்துவிட்டு இவனைப் பார்த்தார். “நல்ல சரக்குன்னு நான் தொண்ட கிழியக் கத்துனப்ப ஒருத்தன் நம்பலலே. எவனோ கொறை சொல்லவும் அம்புட்டுப் பயலும் நம்பிட்டான். சங்கதி கேட்டுத் தாவுன பயலுகளும் திரும்பிட்டானுக. யாருலே அந்தப் புண்ணியவான்?”

“பேரு போடல, முதலாளி.”

“சரி, வேனுக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன். நீ இங்கனயே இரு.”

கற்பகவல்லி கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

“முதலாளி, எதுத்த கம்பெனி தங்கச்சாமி அண்ணாச்சி வந்திருக்காக. பேரு போடாம நம்ம மேல புகார் போட்டதெல்லாம் அவுகதானாம். அவுக சரக்கு மேலயும் நாம ஒரு நாலு புகார் போட்டுத் தர முடியுமான்னு கேக்காக.”