மச்சான் பேச்சைக் கேட்டு ஜமைக்காவில் கரையிறங்கியது

நடுக்கடல்,
ஏப்ரல் மாதம், வெயில் நாள்

மதிப்பிற்குரிய மச்சான் டுவேன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வெர்லின் எழுதுவது. நானும் மார்லிஸும் முகம் மட்டும் நண்டு நிறத்தில் சிவந்து, மற்றபடி சுகமாக இருக்கிறோம். ஃபார்கோவில் தாங்களும் ஆர்டிஸ் அக்காவும் நலமென்று நம்புகிறேன். எங்கள் வீட்டு வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்ததற்கு நன்றி. நன்றி இத்தோடு முடிந்தது. இனிமேல் வருவது முழுக்கப் புகார்.

கப்பலேறிய அன்றே மார்லிஸ் கரைச் சுற்றுலாப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜமைக்காவில் கப்பல் நிற்பது ஒரே ஒரு பகல். அவளோ அருவி ஏறுவது, குதிரையோடு கடலில் இறங்குவது, கம்பியில் தொங்கிக்கொண்டு காட்டுக்கு மேலே பறப்பது, மூங்கில் தெப்பத்தில் போவது என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பேனாவால் வட்டம் போட்டுவிட்டாள். போன நவம்பரில்தான் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவள், மச்சான்! குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். கல்லில் வழுக்கி விழுந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதானே என்று புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன். அவளை இழுத்துக்கொண்டு சுற்றுலா மேசைக்குப் போனேன். அங்கே ரொவேனா என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண். முட்டிக்கு ஆபத்தில்லாத சுற்றுலா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு சார். ஏசி பஸ். நகைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அப்புறம் ரம் கடை, அப்புறம் இன்னொரு நகைக் கடை."

"கடையப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஃபார்கோவுல கடையே இல்லையா?" என்றாள் மார்லிஸ். "எங்க அண்ணன் என்ன சொல்லி அனுப்பினாரு? கப்பல்ல எதையும் வாங்காதீங்க, துறைமுக வாசல்ல ஒரு டிரைவரோட முகத்தப் பாத்துப் பிடிங்கன்னு சொன்னாரா இல்லையா?"

"பிடிக்கலாம் மேடம்," என்றாள் ரொவேனா. "ஆனா எங்க பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும். வெளியில போனவங்களுக்குக் காத்திருக்காது. நாலரைக்கெல்லாம் ஏறிடணும்."

எத்தனையோ தடவை கப்பலில் போன மனுஷனாயிற்றே என்று தங்கள் பேச்சைக் கேட்டோம் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

வாசலில் இறங்கினால் இருபது டிரைவர்கள் கூவுகிறார்கள். முகத்தைப் பார்த்துப் பிடி என்றீர்கள். எல்லா முகமும் நல்ல முகமாகத்தான் இருந்தது. மார்லிஸ் கூவாமல் நின்றவரைப் பிடித்தாள். பெயர் கார்ல்டன், அறுபது வயதிருக்கும், ஓலைத் தொப்பி.

"கூட்டமில்லாத அருவி ஒண்ணு இருக்கு அம்மா. ஆனா கொஞ்சம் ஏறணும். மூட்டு வலி உண்டா?"

"மூட்டு புதுசு. மத்ததுதான் பழசு," என்றாள் தங்கள் தங்கை.

மச்சான், அந்த அருவியை நான் எப்படிச் சொல்லுவேன்! தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி. ஊர்ப் பிள்ளைகள் உச்சியிலிருந்து குதிக்கிறார்கள். கார்ல்டன் கையைப் பிடித்துக்கொண்டு மார்லிஸ் ஒவ்வொரு கல்லாக ஏறினாள். நான் கீழே ரெண்டு பையையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் கால் வைக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் என் மூச்சை நிறுத்தினேன். உச்சியில் போய் நின்று, தலைமேல் தண்ணீர் கொட்ட, ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. எனக்கும் தலை கிறுகிறுத்துப் போய், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோமே என்று நானே சொன்னேன். தவறு என்னுடையதுதான், ஆனாலும் பழி தங்கள்மேல்.

வழியில் கார்ல்டனின் அக்கா வின்சமுடைய சாப்பாட்டுக் கடை. புகையில் வாட்டிய கோழி. நம்ம சர்ச் விருந்தில் மிளகுத்தூளைத் தூவினாலே காரம் என்று சொல்கிற ஆள்தானே நான்? கண்ணில் நீர் வழிய வழிய மூன்று துண்டு தின்றேன். வின்சம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கப்பல் எப்போ?" என்று கேட்டாள்.

"நாலரைக்கு. இப்ப மூணுதானே ஆகுது," என்று போனைக் காட்டினேன்.

"அது எங்க ஊரு மணியாச்சே! உங்க கப்பல் மணி என்ன?"

கரையில் கால் வைத்ததும் அந்தப் பாழாய்ப்போன போன் என்னைக் கேட்காமலே மணியை மாற்றிக்கொண்டிருக்கிறது, மச்சான்! கப்பலோ புறப்பட்ட ஊர் மணியிலேயே ஓடுகிறது; அதில் அப்போது நாலு. கார்ல்டன் வாயிலிருந்த கோழியைத் துப்பிவிட்டு, "ஏறுங்க, ஏறுங்க!" என்று வேனுக்கு ஓடினார். வளைவெல்லாம் ஹாரன்தான். நடுவழியில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்து சாவகாசமாக நின்றது. அவர் தலையை வெளியே நீட்டி, "நகருங்க தாயி, அமெரிக்கா போற கப்பலு!" என்று ஆட்டிடம் கெஞ்சினார்.

துறைமுகத்தில் இறக்கிவிட்டபோது கப்பல் துறையின் கடைக்கோடியில் வெள்ளை மலையாக நிற்கிறது, கயிற்றை அவிழ்க்கிறார்கள், மேல்தளமெல்லாம் ஜனம் கோப்பையும் கையுமாக வேடிக்கை பார்க்கிறது. மார்லிஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். ஓடினாள். நான் "முட்டி, முட்டி!" என்று கத்திக்கொண்டே பின்னால்.

"ஏங்க, பனி தள்ளுற வண்டியா ஓட்டறீங்க? காலத் தூக்கி வைங்க!"

மேலிருந்து விசில். "ஓடுங்க அம்மா, விடாதீங்க!" என்னை ஒருத்தரும் உற்சாகப்படுத்தவில்லை. அவள் முதலில் போய்ச் சேர்ந்து, ஏறும் பாலத்தின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி பாலத்தை எடுக்க வேண்டும் என்றார்.

"எடுங்க. என் காலையும் சேத்து எடுங்க. புதுக்கால், விலை ஜாஸ்தி. என் புருஷன் வராம இது நகராது."

நான் வந்து விழுந்தேன். கப்பல் நகர்ந்தது. மேலே கைதட்டல் அடங்கவே இல்லை.

ஆகவே மச்சான், இனி தங்கள் யோசனை எங்களுக்கு வேண்டவே வேண்டாம். நாளை கப்பல் நிற்கும் ஊர் கோசுமெல். ரொவேனாவிடம் ஏசி பஸ்ஸுக்கே பெயர் கொடுத்துவிட்டேன். பஸ் போகும், நிற்கும், திரும்பும், நான் உட்கார்ந்திருப்பேன். ஆர்டிஸ் அக்காவுக்கு எங்கள் அன்பு. தங்கள் ஏரியில் பனி சீக்கிரம் உருகி, தூண்டிலில் கொழுத்த மீனாக விழட்டும்.

இப்படிக்கு,
மூச்சு இன்னும் திரும்பாத,
வெர்லின்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடவும். உறையை ஒட்டுவதற்குள் மார்லிஸ் வந்துவிட்டாள். பஸ்ஸை ரத்து செய்துவிட்டாளாம். மேல்தளத்தில் விசிலடித்தவர்களில் ஆறு பேர் நாளை அவளோடு துறைமுக வாசலில் டிரைவர் பிடிக்க வருகிறார்கள். தலைவி அவள்தான். நானும் போகிறேன், உள்ளதைச் சொன்னால், போகாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. அடுத்த ஏப்ரலுக்குத் தங்களுக்கும் அக்காவுக்கும் சேர்த்தே அறை பதிவு செய்துவிட்டாள். இன்றிலிருந்தே ஓடிப் பழகவும்.