தங்கச்சி பேரில் ஒரு மயக்கம்

கவலைப்படுகிற ஆட்களுக்கு யோசனை வரவே கூடாது. வந்தாலும் பல் விளக்குவதற்குள் மறந்துபோய்விட வேண்டும். எனக்கு வந்தது மறக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் என்னோடு வந்துவிட்டது.

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. (தங்கச்சிக்காகத் தியாகம் செய்தேன் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. என் கணக்கு வாத்தியாரைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்.) தங்கச்சி கோமதி எனக்கு நேர்மாறு. எங்கள் தோட்டத்திலிருந்து டொக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள். அவள் போன நாளிலிருந்து கவலைப்படுவதை நான் இரண்டாவது வேலையாகச் செய்துவந்தேன். மழை பெய்தால் நனைவாளோ, பிணத்தை வெட்டச் சொன்னால் மயங்கி விழுவாளோ. (யார் விழுந்தது என்பது பின்னால் வருகிறது.)

நான்காம் வருடத்தில் அவளுடைய குழுவைப் பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திங்கட்கிழமையும் எழவில்லை.

"என்னடி, போகலயா?"

"இனிமே போகல."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாயிலிருந்து வாங்கினேன். நோயாளியிடம் விசாரித்ததை எல்லோர் முன்னாலும் இங்கிலிஷில் சொல்ல வேண்டுமாம். இவள் வாயைத் திறந்திருக்கிறாள், சத்தம் வரவில்லை. கொழுந்தாவது எடுக்கத் தெரியுமா என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்களாம்.

"ஸரீனா மேடம்னு ஒருத்தங்களப் பத்திச் சொல்லுவியே. அவங்ககிட்ட சொன்னா என்ன?"

ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வருடத்திலேயே ஒரு டொக்டரை வழிகாட்டியாகக் கொடுப்பார்கள். கோமதிக்குக் கிடைத்தவர் அந்த ஸரீனா மேடம்.

"அவங்க எனக்குப் போன் எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. நான் ஓஃப் பண்ணிட்டேன். என்னன்னு சொல்றது?" என்றவள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல, "வராத நாள் கூடினா பரீட்ச எழுத விடமாட்டாங்க" என்றாள்.

அந்த நிமிடம்தான் எனக்கு யோசனை வந்தது. தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தைப் பெரட்டு என்போம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பேருக்கு நான் போய் நிற்பேன். கூடை நிறைந்தால் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். கங்காணி கூடையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஆஸ்பத்திரியில் கூடையும் இல்லை, இன்னும் சுலபம் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை, துணி எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோட்டு பைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரி கக்கூஸில் போட்டுக்கொண்டேன். கை குட்டையாக இருந்தது. கீழே என் ரப்பர் செருப்பு.

பெரட்டு மாதிரி ஒரு கூட்டத்தை எதிர்பார்த்துப் போனேன். நின்றது ஏழெட்டுப் பேர். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் செருப்பைப் பார்த்தேன். தலையில் முக்காடு போட்ட, கண்ணாடி அணிந்த ஒரு டொக்டரம்மா வந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். "கோமதி" என்றதும் பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இருக்கேங்க."

அவர் நிமிர்ந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். டொக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார், சிரிப்பு நின்றது.

"சரி. கோமதி என் பக்கத்துலயே நிக்கட்டும். எதையும் தொட வேணாம்" என்றார் தமிழிலேயே.

என் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். (என் அறிவு அவ்வளவுதான்.) முதல் கட்டிலில் காலில் கட்டோடு ஒரு தாத்தா. நர்ஸ் கட்டைப் பிரித்தார். அதற்குப் பிறகு எனக்குக் கூரை மட்டும்தான் ஞாபகம்.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தேன், கோட்டோடு. நர்ஸ் பேர் கேட்டார். எந்தப் பேரைச் சொல்வது? "கோமதி" என்றேன். அவர் அதை அட்டையில் எழுதித் தலைமாட்டில் மாட்டிவிட்டார்.

டொக்டரம்மா சீனி கூடுதலாகப் போட்ட தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஸரீனா. இந்தக் குழுவோட நான்தான் வந்திருக்கேன். நீங்க கோமதிட அக்கா தானே? மூக்கு அப்படியே இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவ பேர வெட்டிறாதீங்க மேடம். நல்ல புள்ள. தப்பு என்னோடது. போலீசு வருமாங்க?"

"தேத்தண்ணியக் குடிங்க. முடிஞ்ச பொறகு போலீசப் பாப்போம்."

அந்தத் தேத்தண்ணியை நான் குடித்த மாதிரி மெதுவாக உலகத்தில் யாரும் குடித்திருக்க மாட்டார்கள். குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவர் என் போனை வாங்கி அப்பாவின் போனுக்கு எடுத்துக் கோமதியைக் கூப்பிட்டார்.

"கோமதி, உங்கட பேருல ஒருத்தங்க இங்க மயங்கி விழுந்து கிடக்காங்க. பயப்பட ஒண்ணும் இல்ல. வந்து பாருங்க."

மதியம் கோமதி ஓடி வந்தாள். தலைகூடச் சீவவில்லை. நான் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. மேடம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்.

"இவங்கதான் உங்கட நோயாளி. விசாரிங்க."

"ஏன் விழுந்த?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தாத்தா காலப் பாத்தேன்."

"காலைல சாப்பிட்டியா?"

"இல்ல."

"ராத்திரி தூங்குனியா?"

"நீ தூங்காம நான் எங்க தூங்குறது?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இதுக்கு முன்னாடி விழுந்திருக்கியா?"

"நீ டொக்டருக்கு எடுபட்ட அன்னைக்கு. கக்கூஸ் பக்கத்துல."

"என்கிட்ட சொல்லவே இல்லயே அக்கா."

மேடம் அவள் தோளில் கை வைத்தார். "இப்ப இதையே இங்கிலிஷ்ல சொல்லுங்க. நான் மட்டும்தான் கேக்குறேன். பிழை வந்தா வரட்டும், நிக்காமப் போங்க."

கோமதி ஆரம்பித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் சத்தம் வந்தது. முதலில் தடுக்கியது, பிறகு என் மேலிருந்த கோபத்தில் ஓடியது. நிற்க மறந்து கடைசி வரைக்கும் போய்விட்டாள். முடிந்ததும் தான்தானா பேசியது என்பதுபோல மேடத்தைப் பார்த்தாள்.

"நாளையில இருந்து மத்தவங்களுக்கு அரை மணித்தியாலம் முந்தி வாங்க. முதல்ல என்கிட்ட சொல்லுங்க. பொறகு அவங்ககிட்ட."

கோமதி தலையாட்டினாள். எனக்குத்தான் இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. "மேடம், இன்னைக்கு அவளுக்குப் பேர் விழுமா?"

மேடம் பண்டாரவளையில் கடை வைத்திருந்த குடும்பம். எங்கள் தோட்டத்துப் பாஷை தெரியும். "மதியந்தானே வந்தாங்க. அரைப் பேர்."

"காலைல நான் வந்தேனே."

"நீங்க வந்தது நோயாளியா."

போலீஸ் வரவில்லை. மறுநாள் கோமதி முதல் பஸ்ஸில் போனாள். பயிற்சி முடிந்த பிறகும், ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் போனில் முதலில் மேடத்திடம்தான் சொல்லிப் பார்ப்பாள். மேடம் ஏசியும் இருக்கிறார், இவள் அழுதும் இருக்கிறாள். அழுது முடித்ததும் "சரி, முதல்ல இருந்து சொல்லுங்க" என்பாராம். என் கவலைகள் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை அந்த அரை மணித்தியாலம் செய்தது.

இப்போது கோமதி வெலிமடைப் பக்கம் டொக்டர். வீட்டில் எனக்குத் தலைசுற்றுகிறது என்றால் யாரும் பதறுவதில்லை. "யார் பேருல?" என்று அப்பா கேட்பார்.

அவளிடமும் இப்போது மாணவர்கள் வருகிறார்கள். யாராவது வாயடைத்து நின்றால் தனியாகக் கூப்பிட்டு, தான் முதன்முதலில் சொல்லி முடித்த நோயாளியின் கதையைச் சொல்வாளாம். தெரிந்ததும் எனக்கு மானம் போனது.

"ஏன்டி, ஊரெல்லாம் என் பேர நாறடிக்கிற?"

"உன் பேர நான் எங்க சொன்னேன்? அட்டையில இருந்தது என் பேருதானே அக்கா. அதத்தான் சொல்றேன்."